ரூபன் அண்ணனின் ஸ்வரத்துக்கு ஒரு கார்ட்

சென்ற மாதம் சேவியர் அண்ணன் போனில் அழைத்தார். எங்கள் இசைக்குழுவில் ஒன்பது வருடம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர், அதற்கு முன் ரிதம் கிடார் வாசித்தவர். கேள்வி ஒன்றுதான், கார்டைப் பற்றி, அதாவது சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதைப் பற்றி.

"சுபா, இந்த ஆல்டர்டு கார்ட் எல்லாம் பெடல் ஸ்டீல்ல எங்கன இருக்கு? ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திரு. பெட்டி மூடியில ஒட்டி வச்சிக்கிடுதேன்."

எழுதிக் கொடுக்கலாம். நான்கு வரிதான் வரும். ஆனால் அந்த நான்கு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மேடை ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் அப்படி ஏறியிருக்கிறேன். அன்றைக்கு ஒருவருடைய பாட்டு அவர் கையை விட்டுப் போக இருந்தது. அதனால் பேப்பருக்குப் பதில் இந்தக் கட்டுரை.

நான் ஓய்வுபெற்றது முப்பத்திரண்டாம் வயதில். காரணம் இடது முழங்கால். பெடல் ஸ்டீல் என்ற இந்த வாத்தியத்தில் கால் பாதத்துக்கு மூன்று பெடல், முழங்கால்களுக்கு ஐந்து நெம்புகோல். அவற்றில் மூன்று இடது முழங்காலுடையவை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மேலே தூக்க ஒன்று. குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று எலும்பு மருத்துவர் படத்தைக் காட்டினார். நான் பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது. அந்தப் பருவத்து நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். பகல் வேலை எப்போதும் போல ஒரு தொழிற்சாலையின் கருவியியல் பிரிவில். அழுத்தமானி, வெப்பமானி, வால்வு ஆகியவற்றைச் சரிபார்ப்பது.

குழுவுக்குள் நான் வந்ததும் அந்த வேலையின் வழியாகத்தான். எங்கள் பேஸ் கிடார்காரர் சாகுல் காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். சார்ஜாவில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் கீப்பராக இருந்துகொண்டே வார இறுதியில் அங்கு பேண்டில் வாசித்தவர். அந்த பேண்ட் கலைந்தபோது யாரும் எடுத்துக்கொள்ளாத ஒரு பெடல் ஸ்டீலை வீட்டுச் சாமான்களோடு சேர்த்துக் கப்பலில் அனுப்பிவிட்டு ஊர் திரும்பினார். துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, "இது என்ன, தையல் மெஷினா?" என்று கேட்டாராம். "ஆமா சார், பாட்டு தைக்கது" என்று இவர் சொன்னாராம். வந்து சேர்ந்தபோது அடியில் இருந்த இழுவைக் கம்பிகளில் இரண்டு வளைந்திருந்தன, ஒன்றைக் காணோம். யாரோ என்னைக் காட்டிவிட, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சரிசெய்து கொடுத்தேன். சரிசெய்து முடித்தபோது எந்தப் பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் நானாக இருந்தேன். அதற்கு முன் எனக்குத் தெரிந்த இசை, ஏரலில் பள்ளிக்கூடம் படித்தபோது கற்ற கொஞ்சம் கீபோர்டு. மூன்று வருடம் வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் பழகினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வாத்தியத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. கால்கள் வைத்த ஒரு மேசை, அதன் மேல் பத்துத் தந்திகள். வாசிப்பவரிடமிருந்து தூரத்தில் இருப்பது ஒன்றாம் தந்தி, அருகில் இருப்பது பத்தாம் தந்தி. இடது கையில் ஒரு உருளை இரும்பு. அதற்குப் பெயர் பார். பலகையில் வரைந்திருக்கும் கோடுகளுக்கு நேராக அதைத் தந்திகளின் மேல் வைக்க வேண்டும். வலது கை விரல்களால் மீட்ட வேண்டும். பெடலோ நெம்புகோலோ அழுத்தினால் குறிப்பிட்ட தந்திகள் மட்டும் அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ ஏறும் அல்லது இறங்கும். ஒவ்வொரு பெடலுக்கும் அடியில் ஒரு நிறுத்தம் உண்டு. கால் அதில் போய் முட்டும்வரை அழுத்தினால் ஸ்வரம் சரியாக இருக்கும்.

மேடைக்கு முன் என் வரிசை மாறாது. கால்களைத் திருகுவது, பெடல் கம்பிகளை மாட்டுவது, தந்திகளை உலர்ந்த துணியால் துடைப்பது, பெடல் இல்லாமல் சுருதி சேர்ப்பது, பெடலை அழுத்தி மறுபடி சேர்ப்பது, கடைசியாக ஒருமுறை துடைப்பது. தூத்துக்குடிக் காற்றில் தந்தி இரண்டு வாரம் தாங்கும். உப்பளப் பக்கம் நிகழ்ச்சி என்றால் ஒரு வாரம்.

எங்கள் தலைவி பிலோமினா அக்கா. பள்ளியில் கணக்கு டீச்சர், குழுவில் கீபோர்டு. எல்லாருக்கும் பிலோ அக்கா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிடிக்காத இடம் வந்தால் இடது கையைக் கீபோர்டிலிருந்து தூக்குவார், எல்லாரும் நிறுத்துவோம். "திரும்ப" என்பார். என்ன தவறு, யாருடைய தவறு என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது முறையும் சரியாகாவிட்டால் ரப்பரை எடுத்துத் தாளில் அந்த இடத்தை அழித்துவிடுவார். ஒரு சங்கதியாக இருந்தாலும் சரி, ஒரு ஆளின் பெயராக இருந்தாலும் சரி. அழித்த தூளை ஊதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். அதில் கோபம் இருக்காது. அதனால்தான் அதை எதிர்த்துப் பேசவும் முடியாது.

ஒத்திகை ஞாயிறு மதியம், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆனால் திங்கள் விடியலில் கிளம்பும் படகுகளுக்கு ஞாயிறு மதியமே கீழே ஐஸ் உடைக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த மெஷின் ஓடும்போது பேஸ் கிடாரின் சத்தம் அதை வாசிப்பவருக்கே கேட்காது. சாகுல் காக்காவுக்குத் தாள் பார்த்து வாசிக்கும் பழக்கமும் இல்லை. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து என் பாரையும் என் பாதத்தையும் பார்ப்பார். பார் எந்தக் கோட்டில் நிற்கிறது, கால் எந்தப் பெடலில் இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் அடி ஸ்வரம் எது என்று அவருக்குத் தெரிந்துவிடும். காதால் அல்ல, கண்ணால் பேஸ் வாசித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். வருடக்கணக்கில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவர் என்னைப் பார்த்து வாசிக்கிறார் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

இனி ரூபன் அண்ணன். உப்பு லாரிகளில் ஏற்றுக்கூலி வேலை. அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். குழுவில் அவருக்கென்று ஒரே ஒரு தனிப்பாட்டு, அதுவும் அவரே மெட்டுப் போட்டது. கடலிலிருந்து திரும்புகிறவன் கரையில் விளக்கைப் பார்ப்பதாக அதன் கடைசி அடி முடியும். நிகழ்ச்சியின் நிறைவில் அதைத்தான் பாடுவோம். மற்ற பாட்டுகளில் அவர் கோரஸ்.

அந்தக் கடைசி அடியில்தான் சிக்கல். ஸ்வரங்களை ஏ, பி, சி என்ற ஆங்கில எழுத்துகளால் சொல்கிறேன்; பாட்டு ஏ மைனரில் அமைந்தது, அதுதான் அதன் வீடு. முடிவதற்கு முன் தாளத்தில் நான்கு தட்டு ஈ செவன் என்ற கார்டில் நிற்கும், பிறகு ஏ மைனரில் வந்து அமரும். இப்படி வீட்டுக்கு வருவதற்கு முந்தைய படியில் நிற்கும் கார்டுக்கு டாமினென்ட் என்று பெயர். ஈ செவனில் உள்ள ஸ்வரங்கள் ஈ, ஜி ஷார்ப், பி, டி. அந்த நான்கு தட்டும் பாடகர் பி ஸ்வரத்தில் நின்று, ஏ மைனர் வரும்போது சி-க்கு ஏற வேண்டும் என்பதுதான் எல்லாரும் எதிர்பார்ப்பது. ரூபன் அண்ணன் முதல் தட்டிலேயே சி-க்குப் போய்விடுவார். கீபோர்டு பி-யில் நிற்கும், அவர் சி-யில் நிற்பார். இரண்டும் அரை ஸ்வர இடைவெளியில் உரசும்.

கோயில் பாடல் குழுவில் இதே காரணத்துக்காக அவரை முன்பே நிறுத்தியிருந்தார்கள். எந்த மைனர் பாட்டைக் கொடுத்தாலும் முடிவில் சுருதி ஏறிவிடுகிறது, காதில் கோளாறு என்று சொல்லிவிட்டார்களாம். அவர் பாடுவதற்கு மிச்சமிருந்த ஒரே இடம் எங்கள் குழு.

ஒரு ஞாயிறு பிலோ அக்கா அந்த அடியில் கையைத் தூக்கினார். திரும்ப. மறுபடி தூக்கினார். மூன்றாவது முறைக்குப் பின் தாளை எடுத்தார். ரப்பரை எடுக்கவில்லை. ரூபன் என்ற பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"வினோத் இந்தப் பாட்டப் படிச்சி வைக்கட்டும்" என்றார்.

வினோத் எங்கள் இன்னொரு பாடகர். நல்ல குரல். அவர் பாடினால் பி-யில் நிற்பார்.

ரூபன் அண்ணன் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "அக்கா, அந்தப் பாட்டு போச்சுன்னா நான் சும்மா ஆ ஊன்னு பின்னால நிக்கதுக்கு வரமாட்டேன். சொல்லிட்டேன்" என்றார். அதையும் சத்தமில்லாமல்தான் சொன்னார்.

அன்றைய ஒத்திகையை நான் போனில் பதிவு செய்திருந்தேன். வீட்டில் சுருதி அளக்கும் செயலியில் ஓட்டிப் பார்த்தேன். முந்தைய வாரங்களின் பதிவுகளையும் சேர்த்துப் பதினோரு தடவை அவர் அந்த ஸ்வரத்தைப் பாடியிருந்தார். பதினோரு தடவையும் அது சி-தான். சுருதி தவறிக் கொஞ்சம் ஏறிய பி அல்ல. என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கருவி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் தவறினால் கருவியைக் கழற்றிப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வேறுபட்டால், கழற்றுவதற்கு முன் நாம் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பார்ப்போம்.

ஒப்பிட்டது கீபோர்டின் பி-யோடு. அந்த பி அங்கு இருந்தே ஆக வேண்டுமா? ஒரு டாமினென்ட் கார்டில் அசைக்கக் கூடாதவை இரண்டு, மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும். இங்கே ஜி ஷார்ப், டி. அடி ஸ்வரத்தைப் பேஸ் பார்த்துக்கொள்ளும். ஐந்தாம் ஸ்வரமான பி-யையும் ஒன்பதாம் ஸ்வரத்தையும் அரை ஸ்வரம் மேலோ கீழோ நகர்த்தலாம். நகர்த்தினால் அதன் பெயர் ஆல்டர்டு. பி-யை அரை ஸ்வரம் ஏற்றினால் சி. அதாவது ரூபன் அண்ணன் தவறாகப் பாடவில்லை. ஆல்டர்டு கார்டுக்கு உரிய ஸ்வரத்தைச் சாதாரணக் கார்டின் மேல் பாடிக்கொண்டிருந்தார். மாற வேண்டியது கார்ட்.

நான் முதலில் தேடிய வழி எல்லாரும் தேடுவதுதான். பார் பன்னிரண்டாம் கோட்டில், அங்கே ஈ செவன் இருக்கிறது. ஐந்தாம் தந்தி பி. முதல் பெடல் அதை முழு ஸ்வரம் ஏற்றும். பாதி அழுத்தினால் சி. ஆனால் பாதியில் நிறுத்தம் கிடையாது. கால் எங்கே நிற்கிறதோ அதுதான் ஸ்வரம். வீட்டில் பத்துக்கு ஏழு முறை சரியாக வந்தது. பத்துக்கு ஏழு என்பது வால்வாக இருந்தால் அந்த வால்வைத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

அடுத்த நாள் உணவு இடைவேளையில் ஒரு தாளில் கட்டம் போட்டேன். பத்துத் தந்தி, பன்னிரண்டு கோடு, நூற்று இருபது கட்டம். எனக்கு வேண்டியவை நான்கு: ஜி ஷார்ப், டி, ரூபன் அண்ணனுக்கு சி, நான்காவதாக எஃப். எஃப் என்பது ஈ-யின் அரை ஸ்வரம் இறங்கிய ஒன்பது. அந்த நான்கும் விழும் கட்டங்களுக்குச் சிவப்புப் பென்சில் தீட்டினேன். பெரும்பாலான கோடுகளில் அங்கொன்றும் இங்கொன்றும் சிவந்தன. ஆறாம் கோட்டில் பத்துத் தந்திகளில் ஏழு சிவந்துவிட்டன.

ஒன்பதாம் தந்தி ஜி ஷார்ப், ஏழாம் தந்தி சி, ஆறாம் தந்தி டி, ஐந்தாம் தந்தி எஃப். பெடல் வேண்டாம், நெம்புகோல் வேண்டாம். பாரை வைத்து மீட்டினால் போதும். அது நான் பல வருடமாக வாசித்துக்கொண்டிருந்த கார்ட். பி ஃபிளாட்டை, அதாவது அரை ஸ்வரம் இறங்கிய பி-யை, அடியாக வைத்து பி ஃபிளாட் நைன்த் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். அதே நான்கு ஸ்வரம். அடியில் பி ஃபிளாட் ஒலித்தால் அது சாதுவான பி ஃபிளாட் நைன்த். அடியில் ஈ ஒலித்தால் ஆல்டர்டு ஈ செவன். எந்த டாமினென்டை எடுத்தாலும் இப்படித்தான். அதன் ஆல்டர்டு உருவம் ஆறு கோடு தள்ளி, வேறொரு கார்டின் பெயரில், எந்த மறைவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

அங்கிருந்து ஏ மைனருக்குப் போகும் வழியும் சுருக்கமானது. பாரை எட்டாம் கோட்டுக்குத் தள்ளி, முதல் பெடலை முட்டும்வரை அழுத்தி, பத்து, எட்டு, ஆறு ஆகிய தந்திகள். ஜி ஷார்ப் ஏ-க்கு ஏறும், டி ஈ-க்கு ஏறும், எஃப் ஈ-க்கு இறங்கும். சி மட்டும் அசையாது. ஏழாம் தந்தியில் விட்ட சி-யை எட்டாம் தந்தி அதே உயரத்தில் பிடித்துக்கொள்ளும். ரூபன் அண்ணன் தன் ஸ்வரத்தை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை.

வாரநாள் ஒன்றில் பிலோ அக்கா வீட்டில் அவரும் ரூபன் அண்ணனும் நானும் இதை வாசித்துப் பார்த்தோம். பி-யை விட்டுவிடுங்கள் என்று பிலோ அக்காவிடம் சொன்னேன். ஒருமுறை வாசித்துக் கேட்டார். தாளில் இருந்த பி-யை அழித்துவிட்டு, "வேம்பார்ல பாப்போம்" என்றார். அடுத்த நிகழ்ச்சி அங்கேதான். சாகுல் காக்கா அந்த வாரம் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். அவருக்கு நான் சொல்லவில்லை. நான் நினைத்தது இது: பிலோ அக்கா வாசிப்பது மாறுகிறது, நான் வாசிப்பது மாறுகிறது, அவர் வாசிக்க வேண்டியது அதே ஈ. மாறாத ஒன்றை எதற்குச் சொல்ல வேண்டும்?

வேம்பாரில் கடற்கரையை ஒட்டி மேடை. வெயில் தாழ்ந்து தொடங்கி, விளக்குப் போடும் நேரத்தில் நிறைவுப் பாட்டுக்கு வந்தோம். கடைசி அடி. ரூபன் அண்ணன் சி-யில் நின்றார். நான் பாரை ஆறாம் கோட்டில் வைத்து நான்கு தந்திகளையும் மீட்டினேன்.

சாகுல் காக்கா என் பாரைப் பார்த்தார். ஆறாம் கோடு, பெடலில் கால் இல்லை. பி ஃபிளாட்டை முழு வேகத்தில் அடித்தார்.

ஏ மைனர் பாட்டில் ஈ-யை எதிர்பார்த்து நிற்பவனுக்குக் காலடியில் பி ஃபிளாட் வருவது படகு ஒருபக்கமாகச் சாய்வது போன்றது. ரூபன் அண்ணன் இரண்டு தட்டு தாங்கினார். பிறகு ஸ்வரம் வழுக்கிக் கீழே வந்தது. எங்கே வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பாட்டை நிறுத்திவிட்டார். நாங்கள் மூவரும் ஏ மைனரில் போய் முடித்தோம், பாடகர் இல்லாமல்.

"ஏலே, பாட்டு மறந்துட்டாம்ல!" என்று முன்வரிசையில் ஒரு குரல். "ஒரு சோடா குடுங்கடே அவருக்கு" என்று இன்னொன்று. சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. ஆனாலும் மேடையிலிருந்து கேட்கும்போது எல்லாச் சிரிப்பும் ஒன்றுதான்.

திரும்பும்போது வேனில் நான் சாகுல் காக்காவிடம் கேட்டேன். "காக்கா, அந்த இடத்துல என்ன வாசிச்சீங்க?"

"பி ஃபிளாட். ஒன் பாரு ஆறுலதான நின்னுச்சு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்மா, தப்பா?" என்றார்.

முன்னிருக்கையில் ரூபன் அண்ணன் யாரையும் பார்க்காமல் சொன்னார். "கோயில்ல சொன்னப்ப அவங்க மேல கோவம் வந்துது. இன்னைக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்குக் காது சரியில்லக்கா. வினோத்தே பாடட்டும்."

தருவைகுளம் தாண்டும்போதுதான் நான் மறுபடி வாயைத் திறந்தேன். தவறு என்னுடையது, காக்காவிடம் சொல்லாமல் விட்டேன், கார்டின் அடி மாறிவிட்டது, அண்ணன் பாடியது சரியான ஸ்வரம். நான்கையும் வரிசையாகச் சொன்னேன்.

"ஆறுதலுக்குச் சொல்லாத சுபா. நீ நல்ல புள்ள" என்றார் ரூபன் அண்ணன்.

அவர் நம்பவில்லை. சாகுல் காக்கா நம்பினார், ஆனால் வருத்தத்தில் இருந்தார். பிலோ அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். "ஏளா, சொன்னா ஆச்சா? ஞாயித்துக்கிழமை செஞ்சு காட்டு. எல்லாருக்கும் உள்ளதுதான். மூணு தடவ." ரூபன் அண்ணனிடம், "நீயும் வா. அன்னைக்கு ஒருநாள் வந்துட்டு அப்புறம் ஒன் இஷ்டம்" என்றார்.

ஞாயிறு நான் முதலில் செய்தது சாகுல் காக்காவின் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டது. பார்க்காமல் வாசியுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "கண்ணு அங்கனதான் போவுது, நான் என்ன செய்ய?" என்றார். அதனால் திருப்பினேன்.

"சுவத்தப் பாத்துக்கிட்டா வாசிக்கணும்? வீட்டுப்பாடம் எழுதாத பயல ஒக்கார வச்ச மாதிரிலா இருக்கு" என்றார். ஆனாலும் உட்கார்ந்தார். நான்கு தட்டு ஈ, பிறகு ஏ. எண்ணி வாசிக்க வேண்டும். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பார்க்கவும் வழியில்லை, கேட்கவும் வழியில்லை.

முதல் தடவை. கடைசி அடி வந்தது. அடியில் ஈ சரியாக நின்றது, நான் அதை உடம்பில் உணர்ந்தேன். ஆறாம் கோட்டில் நான்கு தந்திகளையும் மீட்டினேன். உரசியது. நான் கையைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பிலோ அக்கா இடது கையைத் தூக்கினார். "ஒண்ணு."

ரூபன் அண்ணன் பி பாடியிருந்தார்.

இத்தனை காலம் எல்லாரும் அவரிடம் வேண்டிய பி. வேம்பாருக்குப் பிறகு ஆறு நாள் உட்கார்ந்து அதைப் பழகியிருக்கிறார். லாரியில் மூட்டை ஏற்றும்போதெல்லாம் பாடிப் பார்த்தேன் என்று பிறகு சொன்னார். இப்போது கார்டில் சி இருக்கிறது, அவர் பி-யில் நிற்கிறார். இந்தமுறை உண்மையிலேயே தவறு.

"அண்ணே, பழசு மாதிரியே பாடுங்க" என்றேன்.

"பழசுதான் தப்பாச்சே."

இரண்டாம் தடவை. பி-யில் தொடங்கி, பாதியில் சி-க்கு ஏறப் பார்த்து, மறுபடி இறங்கினார். ஒரு குரல் பயந்தால் எப்படி இருக்கும் என்பதை அந்தச் செயலியில் ஓட்டியிருந்தால் கோடாகவே பார்த்திருக்கலாம். "ரெண்டு" என்றார் பிலோ அக்கா. தாள் அவர் மடியில் இருந்தது. கேள்விக்குறி அதில் இருந்தது.

நான் ஒரு நிமிடம் கேட்டேன். கொடுத்தார். அந்த ஒரு நிமிடத்தில் நான் யோசித்தது ரூபன் அண்ணனிடம் என்ன சொல்வது என்பதை அல்ல. சொல்லிப் பயனில்லை என்று இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. கார்டை எப்படித் திறப்பது என்று யோசித்தேன். நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் மீட்ட வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. ஏழாம் தந்தி நடுவில் இருக்கிறது. சேர்த்து மீட்டினால் மற்ற மூன்றுக்குள் சி ஒளிந்துவிடுகிறது. அவருக்கு வேண்டியது அந்த ஒன்று மட்டும், அதுவும் அவர் வாயைத் திறப்பதற்கு முன்.

மூன்றாம் தடவை. கடைசி அடிக்கு ஒரு தட்டு முன்னால் பாரை ஆறாம் கோட்டுக்குக் கொண்டுபோய் ஏழாம் தந்தியை மட்டும் மீட்டினேன். தனி சி. ரூபன் அண்ணன் மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார். தலை லேசாகத் திரும்பியது. வாயைத் திறந்தபோது சி வந்தது. அது வந்த பிறகுதான் ஒன்பதாம் தந்தி, பிறகு ஆறு, பிறகு ஐந்து. ஒவ்வொன்றாக அவருடைய ஸ்வரத்தைச் சுற்றி வைத்தேன். அடியில் ஈ. நான்கு தட்டு. எட்டாம் கோட்டுக்குத் தள்ளிப் பெடலை முட்டும்வரை அழுத்தினேன். எல்லாரும் நகர்ந்தோம். அவர் நகரவில்லை, நகர வேண்டியிருக்கவில்லை. பாட்டு முடிந்தது.

பிலோ அக்கா கையைத் தூக்கவில்லை. ரப்பரை எடுத்தார். கேள்விக்குறியை அழித்து, தூளை ஊதினார். "சரி. அடுத்தது என்ன?" என்றார்.

"அக்கா, ஒரு நிமிசம்" என்றார் ரூபன் அண்ணன். அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. லாரியில் மூட்டை எண்ணிக்கை இடிக்கும்போது திரும்ப எண்ணுகிறவரின் முகம் அது. "காக்கா, நீங்க வேம்பார்ல வாசிச்சத இப்பம் வாசிங்க."

சாகுல் காக்கா சுவரிலிருந்து தலையை மட்டும் திருப்பினார். "பி ஃபிளாட்டா? அதுதான் தப்புன்னு ஆயிப்போச்சே."

"தப்புன்னு தெரியும். அது மேல என் காது நிக்குதான்னு பாக்கணும். வாசிங்க."

சாகுல் காக்கா என்னைப் பார்த்தார். நான் பாரை ஆறாம் கோட்டில் வைத்தேன். இம்முறை ஏழாம் தந்தியை முன்கூட்டித் தரவில்லை. ரூபன் அண்ணன் கேட்கவும் இல்லை. நான்கு தந்திகளையும் ஒன்றாக மீட்டினேன். சாகுல் காக்கா பி ஃபிளாட்டை வேம்பாரில் அடித்த அதே வேகத்தில் அடித்தார். கீழே ஐஸ் மெஷின் ஏதோ காரணத்தால் நின்றிருந்ததால் அது அறை முழுவதும் கேட்டது. வேம்பாரில் எங்கே வழுக்கினாரோ அந்த இரண்டாம் தட்டு வந்தது, போனது. மூன்று. நான்கு. ரூபன் அண்ணனின் சி அங்கேயே நின்றது. நான் ஏ மைனருக்குப் போகவில்லை, சாகுல் காக்காவும் போகவில்லை. ரூபன் அண்ணன் கண்ணை மூடாமல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, மூச்சு இருக்கும்வரை அதே ஸ்வரத்தில் நின்றார். பிலோ அக்கா கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.